மணி பார்த்தீங்களா?

பக்கவாதம் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது பெயரோ வயதோ இல்லை. "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தார்?" பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பக்கமிருந்து வருகிறவர்கள் இதற்குத் திணறுவார்கள். விசைப்படகில் போனால் மறுநாள்தான் கரை. நடுக்கடலில் ஒருவருக்கு வாய் கோணி, கை துவண்டால், "காத்து பட்டிருச்சு, கொஞ்சம் படு" என்று பலகையில் கிடத்திவிட்டு வலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அப்புறம் நான் கேட்டால், ஒருவர் வலை விடும் முன்பு என்பார், இன்னொருவர் விடியற்காலை என்பார்.

மணிக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம்? மூளையின் பெரிய ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன. அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அடைத்த ரத்தக்கட்டியைக் குழாய் விட்டு எடுக்கும் சிகிச்சையைச் சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்யலாம், ஆனால் அதற்குப் பெரிய ஊருக்குப் போக வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரமே சுமார் 55 கிலோமீட்டர். மதுரைக்கு அங்கிருந்து இன்னும் 110க்கு மேல்.

ஊசிக்கு முன்னால் சி.டி. ஸ்கேன் கட்டாயம். அடைப்பா, ரத்தக்கசிவா என்று வெளியே பார்த்துச் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது. கசிவு என்றால் அந்த ஊசியே ஆளைக் கொன்றுவிடும். அதனால்தான் வீட்டில் ஆஸ்பிரின் போட்டுவிட்டு வராதீர்கள் என்கிறேன். சோடாவும் வேண்டாம், விழுங்கும் சக்தி போயிருந்தால் அது நுரையீரலுக்குள் இறங்கும். புறா ரத்தம் தேய்த்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. ரத்தத்தால் கெடுதல் ஒன்றுமில்லை, புறா தேடி அலைந்த மூன்று மணி நேரம்தான் கெடுதல்.

முகம் கோணினாலே பக்கவாதம் என்றும் இல்லை. முக நரம்பு மட்டும் செயலிழக்கும் முகவாதத்தில் அந்தப் பக்கத்து நெற்றியும் சுருங்காது, கண்ணும் சரியாக மூடாது. மூன்று நாளுக்குள் மருந்து தொடங்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் எது எது என்று நீங்கள் வீட்டில் ஆராய்ச்சி செய்ய வேண்டாம், வந்துவிடுங்கள்.

வலிப்புக்கும் மணிதான் முக்கியம். பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானே நின்றுவிடும். கையில் சாவிக்கொத்தைத் திணித்தபோது நின்றது என்றால், சாவி இல்லாமலும் அது நின்றிருக்கும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். படகு என்றால் விளிம்பை விட்டும் எஞ்சினை விட்டும் தள்ளி இழுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது நினைவு திரும்பாமலே மறுபடி வந்தால், அது அவசரம்.

எல்லா வலிப்பும் கை கால் இழுக்காது. கடல்பாசி எடுக்க மூழ்கப் போகும் ஓர் அம்மாவைக் கூட வேலை செய்கிறவர் அழைத்து வந்தார். "பேசிக்கிட்டே இருப்பா சார், திடீர்னு ஒரு மாதிரி முழிப்பா, உதட்டைச் சப்புவா, கூப்பிட்டா திரும்ப மாட்டா." அரை நிமிடம்தான். தண்ணீருக்கு அடியில் அந்த அரை நிமிடமே உயிருக்குப் போதும். மாத்திரையில் இப்போது நன்றாக இருக்கிறார், ஆனாலும் மூழ்கும் வேலை வேண்டாம் என்று சண்டை போட்டுத்தான் சம்மதிக்க வைத்தேன். சங்கு குளிக்கிறவர்களுக்கும் இதேதான். வலிப்பு உள்ளவர்களில் பத்துக்கு ஏழு பேர் சரியான மாத்திரையில் வலிப்பே இல்லாமல் வாழலாம். நன்றாக இருக்கிறதே என்று தானாக நிறுத்துகிறவர்கள்தான் திரும்பி வருகிறார்கள். கீழக்கரையில் ரமலான் நோன்பு மாதத்தில் இது அதிகம். பல மாத்திரைகளை விடியலுக்கு முந்தைய சஹருக்கும் மாலை இஃப்தாருக்கும் மாற்றித் தர முடியும். ஒரு வாரம் முன்னால் வந்து கேளுங்கள்.

இப்படி முழிப்பதைப் பேய் என்று நினைத்து ஏர்வாடி தர்காவுக்கு அழைத்துப் போகிறவர்களோடு நான் வாதாடுவதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு மனநோயாளிகள் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்ததை இந்த ஊர் மறக்கவில்லை. பிற்பாடு தர்காவிலேயே துவாவோடு, அதாவது பிரார்த்தனையோடு, தவாவும், அதாவது மருந்தும், கொடுக்கும் அரசு ஏற்பாடு வந்தது. நானும் அதைத்தான் சொல்கிறேன்: தொழுதுவிட்டு வாங்க, மாத்திரையை மட்டும் விடாதீங்க.

நடுக்குவாதத்துக்கு (பார்க்கின்சன்) இந்த ஓட்டம் இல்லை, அது வருடக் கணக்கில் வருவது. வலை பின்னும் பெரியவர் முடிச்சுப் போட முன்னைவிட நேரமெடுக்கிறார், சும்மா மடியில் இருக்கும் கை ஆடுகிறது என்றால் 'வயசாயிருச்சு' என்று விட்டுவிடாமல் காட்டுங்கள்.

போன சீசனில் ஒருவரைத் தூக்கி வந்தார்கள். வழக்கம்போல் கேட்டேன். கூட வந்த சின்னப் பையன் சட்டென்று சொன்னான்: "2:40 சார். ஜிபிஎஸ்ல பார்த்தேன்." டிரைவரை வற்புறுத்தி வலையை அறுத்துவிட்டுக் கரைக்குத் திருப்ப வைத்தவனும் அவன்தான். ஏழு மணிக்கு ஊசி ஏறியது. நோயாளி இப்போது நடக்கிறார். வலை போன விஷயத்தில் படகு முதலாளியான சம்மாட்டிக்கு மட்டும் அந்தப் பையன் மேல் இன்னும் கோபமாம்.