சைபீரியாவிலிருந்து பண்ணைச் சேறு வரை: வலசைப் பறவைகள் வழியறியும் விதம்

வாடைக்காற்று எழத் தொடங்கும் ஐப்பசி நாட்களில், யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தின் இருமருங்கிலும், அரியாலையிலும், தொண்டைமானாற்றிலும், சுண்டிக்குளத்திலும் ஆழமற்ற பரவைக்கடலை (கடலோரக் களப்பை) நாடி வரும் பறவைகளுள் கொசு உள்ளானும் ஒன்று. பெரும்பாலும் 20 முதல் 30 கிராம் வரையே நிறையுள்ள இப்பறவை, சைபீரியாவின் ஆர்க்டிக் தூந்திராவில் கோடையில் குஞ்சு பொரித்துவிட்டு, ஏறத்தாழ 7,000 கிலோமீற்றர் தெற்கே வந்து நமது சேற்றில் இரை தேடுகிறது. கருவால் மூக்கனும் ஊசிவால் வாத்தும் நாமத்தலை வாத்தும் இவ்வாறே ஆசியாவின் வடபுலங்களிலிருந்து வருகின்றன. வலசைப் பறவைகளின் பயணப் பாதையான, 30 நாடுகளை உள்ளடக்கிய மத்திய ஆசிய வான்வழியின் தென்முனைகளுள் இலங்கையும் ஒன்று. இத்தீவுக்கு நேர் தெற்கே அந்தாட்டிக்கா வரை பெருநிலம் எதுவும் கிடையாது.

வான்வழி என்றதும் வரைபடத்தில் இடப்பட்ட தடித்த அம்புக்குறியே நினைவுக்கு வருகிறது. ஆனால் பறவைகள் அகன்று பரந்து பறக்கின்றன. பல இனங்கள் காற்று குளிர்ந்து அடங்கும் இரவையே தேர்கின்றன. அவற்றின் பாதையைத் தீர்மானிப்பவை, இறங்கி உண்ணத்தக்க நீர்நிலைகள் எங்கெங்கே உள்ளன என்பதும், அவற்றுக்கிடையே உள்ள தொலைவைக் கடக்கப் போதிய கொழுப்பு உடலில் உள்ளதா என்பதுமே ஆகும்.

புறப்படும் காலத்தைப் பகற்பொழுதின் நீளம் உணர்த்துகிறது. பறவையின் மூளையின் உட்பகுதியில் ஒளியை நேரடியாக உணரும் உயிரணுக்கள் உள்ளன. நாள் நீள்வதையும் குறுகுவதையும் அவை அளந்து சுரப்பிகளைத் தூண்டுகின்றன. கூட்டில் அடைத்து வளர்க்கப்படும் வலசைப் பறவையும் அப்பருவம் வந்ததும் இரவில் உறங்காமல், தன் இனம் பறக்கும் திசையை நோக்கியே சிறகடிக்கும்.

அத்திசை பிறப்பிலேயே வருவது. ஜேர்மனியின் தென்மேற்கிலுள்ள ஒரு குருவியினம் இலையுதிர்காலத்தில் தென்மேற்காகவும், அதே இனத்தின் கிழக்கு ஒஸ்திரியப் பறவைகள் தென்கிழக்காகவும் செல்கின்றன. இவ்விரண்டையும் இணைத்துப் பெற்ற குஞ்சுகள் இடைப்பட்ட தெற்குத் திசையை நோக்கியதை 1991இல் ஹெல்பிக் என்னும் ஆய்வாளர் காட்டினார். எனினும் பிறவித் திசை மட்டும் போதாது. நெதர்லாந்தில் பிடித்த 11,000க்கும் மேற்பட்ட ஸ்டார்லிங் என்னும் மைனா இனப் பறவைகளைச் சுவிற்சர்லாந்துக்குக் கொண்டுசென்று விடுவித்து, அதன் பெறுபேற்றை 1958இல் வெளியிட்டார் பேர்டெக் என்னும் ஆய்வாளர். முன்னர் பயணம் செய்திருந்த முதிய பறவைகள் இடமாற்றத்தைச் சரிசெய்து பழைய குளிர்கால வாழிடத்தை நோக்கித் திரும்பின. இளம் பறவைகளோ பிறவித் திசையிலேயே பறந்து, ஸ்பெயினிலும் தென் பிரான்சிலும் போய்ச் சேர்ந்தன. இடத்தை அறிவது பயணத்தால் வரும் அறிவு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனையை நான் அறியேன்.

திசையைக் காத்துக்கொள்ளப் பறவைக்குச் சூரியன், விண்மீன்கள், புவியின் காந்தப்புலம் ஆகிய மூன்றும் உதவுகின்றன. காந்தவுணர்வு இருப்பதை 1960களில் ஜேர்மனியின் வில்ச்கோ, ரொபின் பறவைகளைக் கொண்டு நிறுவினார். கண்ணின் விழித்திரையிலுள்ள கிரிப்ரோக்குரோம் என்னும் புரதம் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது இன்று வலுவான கருத்து. பிரித்தெடுத்த அப்புரதம் காந்தப்புலத்துக்கு ஏற்ப மாறுவதை 2021இல் வெளியான ஆய்வு காட்டியது, ஆனால் உயிருள்ள பறவையில் அது இன்னும் உறுதிசெய்யப்படவில்லை. இக்காந்தவுணர்வு வடக்கையும் தெற்கையும் பிரித்தறிவதில்லை; காந்தக் கோடுகள் நிலத்தை நோக்கிச் சாயும் கோணத்தைக் கொண்டு, துருவப் பக்கம் எது, நடுக்கோட்டுப் பக்கம் எது என்பதையே அறிகிறது. நம்மவர் கவனிக்க வேண்டிய செய்தி இங்கேதான் உள்ளது. காந்தக் கோடுகள் நிலத்துக்குக் கிடையாக அமையும் காந்த நடுக்கோடு தென்னிந்திய முனையை ஒட்டிச் செல்கிறது. கேரளத்தின் தும்பாவில் 1963இல் ரொக்கெற் ஏவுதளம் அமைக்கப்பட்டதற்கும் அதுவே காரணம். ஆகவே யாழ்ப்பாணத்தில் காந்தக் கோடுகள் ஏறக்குறையக் கிடையாகவே கிடக்கின்றன. சைபீரியாவில் செங்குத்தாகச் சாய்ந்து தெளிவாக வழிகாட்டிய புலம் இங்கே மங்கிவிடுவதால், பங்குனியில் வடக்கே கிளம்பும் பறவைக்கு மறையும் சூரியனும் விண்மீன்களும் கூடுதலாகத் தேவைப்படும் என்று கருத இடமுண்டு.

இனி எரிபொருளைப் பற்றிக் கூற வேண்டும். ஒரு கிராம் கொழுப்பு ஏறத்தாழ 9 கிலோகலோரி தருகிறது. மாச்சத்து 4 மட்டுமே தருவதோடு, உடலில் நீரைச் சுமந்தே சேமிக்கப்படுகிறது. கொழுப்பு எரியும்போது நீரும் உண்டாவதால் தாகமும் ஓரளவு தணிகிறது. அலாஸ்காவிலிருந்து கிளம்பும் பட்டைவால் மூக்கனின் நிறையில் பாதிக்கு மேல் கொழுப்பாகவே இருக்கும். பறக்கும்போது பயன்படாத இரைப்பையையும் குடலையும் அது முன்கூட்டியே சுருக்கிக்கொள்கிறது. 2022இல் ஐந்தே மாத வயதுடைய அத்தகைய பறவையொன்று அலாஸ்காவிலிருந்து தாஸ்மேனியா வரை 13,560 கிலோமீற்றரை 11 நாட்களில், எங்கும் இறங்காமல் கடந்ததைச் செய்மதிக் கருவி பதிவு செய்தது.

இவ்வளவு நீண்ட ஒற்றைப் பாய்ச்சல் நமது விருந்தாளிகளுக்குத் தேவையில்லை. வழியெங்கும் தங்கித் தங்கி அவை வருகின்றன. பாக்கு நீரிணைக்கு அப்பால், காங்கேசன்துறையிலிருந்து 60 கிலோமீற்றருக்குள் இருக்கும் கோடிக்கரை அத்தகைய தங்குமிடங்களுள் ஒன்று. அங்கே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல்லாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகின்றனர். ஆனால் திரும்பும் பயணத்துக்கான முதற் கொழுப்பு யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே சேர வேண்டும். வற்றாத ஆறு எதுவும் இல்லாத நமது மண்ணில் பரவைக்கடலை நன்னீராக்குவது ஐப்பசி முதல் மார்கழி வரையான மழையே. தை பிறந்தபின் நீர் ஆவியாகி வற்றுகிறது, உவர்ப்பு ஏறுகிறது, சேற்றுத்தரை வெளித்தெரிகிறது. இங்கே கடலின் ஏற்றவற்றம் சிறிது என்பதால், சேறு வெளிப்படுவதைப் பருவமும் காற்றுமே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. அவ்வேளையில் குறுகிய நீரில் செறிந்துவிடும் புழுக்களையும் சிறு நத்தைகளையும் கூனிகளையும், தத்தம் அலகின் நீளத்துக்கேற்பப் பறவைகள் பங்கிட்டு உண்கின்றன. இரையோடு உட்புகும் மிகை உப்பைக் கண்ணுக்கு மேலுள்ள சுரப்பிகள் மூக்குவழி வெளியேற்றுகின்றன.

ஆகவே நகரோரச் சேற்றுத்தரையைக் குப்பையால் நிரப்புவதன் விளைவு நமது எல்லைக்குள் நின்றுவிடுவதில்லை. தூந்திராவில் பனி உருகிப் பூச்சிகள் பெருகும் காலம் சில கிழமைகளே நீடிக்கும். கொழுப்புக் குறைந்து தாமதித்துச் சேரும் பறவையின் குஞ்சுகளுக்கு அந்த உணவு கிட்டாது. சீனாவுக்கும் கொரியாவுக்கும் இடையிலான மஞ்சள் கடலில் இது ஏற்கெனவே நிகழ்ந்துவிட்டது: அரை நூற்றாண்டில் அக்கரைகளின் சேற்றுத்தரைகளில் பெரும்பகுதி அழிந்தது, அவற்றையே மிகுதியாக நம்பியிருந்த இனங்கள் பிறவற்றைவிட விரைந்து குறைந்தன. எஞ்சியவற்றுட் சில 2019இல் சீனாவிலும் 2021இல் தென் கொரியாவிலும் உலக மரபுரிமைத் தலங்களாக அறிவிக்கப்பட்டன.