அபகரிப்பா, எடுத்தாளலா?

டிஜிட்டல் ஆர்ட் பத்தி எழுதுறவங்க அப்ராப்ரியேஷன் ஆர்ட்டை "அபகரிப்புக் கலை"ன்னு போடுறதை இன்னும் எத்தனை தடவைதான் படிக்கிறது.

அப்ராப்ரியேஷனோட வேர் சிம்பிள். லத்தீன்ல ப்ரோப்ரியஸ்னா தனக்குரியது, அதுலருந்து தனதாக்கிக்கிறதுங்கிற பொருள் வந்துச்சு. கலையில, ஏற்கெனவே இருக்கிற ஒரு படத்தை எடுத்து நம்ம படைப்புக்குள்ள வைக்கிறது.

அபகரிப்புன்னு சொன்னா என்ன ஆகுதுன்னா விசாரணைக்கு முன்னாடியே தீர்ப்பு எழுதியாச்சு. அது நில அபகரிப்பு புகார்ல வர்ற சொல், ஒருத்தர் நிலத்தைப் பிடுங்கினா அது அவர் கையில இருக்காது, படத்தை டவுன்லோட் பண்ணா அது இருந்த இடத்துலயேதான் இருக்கு. 1981ல அமெரிக்கக் கலைஞர் ஷெர்ரி லெவின், வாக்கர் எவன்ஸ்ங்கிற போட்டோகிராஃபரோட போட்டோக்களை அப்படியே திரும்ப போட்டோ எடுத்து தன் படைப்பா மாட்டுனாங்க, "இது யாருது"ங்கிற கேள்விதான் அங்க படைப்பே. சரி, எல்லாமே நியாயம்னும் சொல்லல. லின் கோல்ட்ஸ்மித்ங்கிற போட்டோகிராஃபர் எடுத்த போட்டோவை வச்சு ஓவியர் ஆண்டி வார்ஹோல் செஞ்ச படத்தை வார்ஹோல் பேர்ல இருக்கிற அறக்கட்டளை 2016ல ஒரு பத்திரிகைக்கு லைசென்ஸ் கொடுத்துச்சு, அது வழக்காகி, 2023ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 7-2ங்கிற நீதிபதிகள் கணக்குல கோல்ட்ஸ்மித் பக்கம் நின்னுச்சு, அதுவும் அந்த ஒரு லைசென்ஸ் பத்தி மட்டும்தான் பேசுச்சு. ஆக, செல்லுறது செல்லாதது ரெண்டையும் தாங்குற சொல்லுதான் வேணும். (இத்தனைக்கும் அபகரிப்பு வடசொல். தனித்தமிழ் பேசுறவங்களே அதை எழுதுறாங்க!)

சிலர் "கையகப்படுத்தல்"ங்கிறாங்க, அது அரசாங்கம் ரோடு போட நிலம் எடுக்கிறதுக்கு. "தன்வயமாக்கல்" வேருக்குப் பொருந்துது, ஆனா மூலப்படம் உள்ள அடையாளம் தெரியுற மாதிரி நிக்கிறது அதுல வரல.

என் ஓட்டு எடுத்தாளலுக்கு. உரையாசிரியர்கள் பழம்பாட்டை எடுத்தாண்டாங்கன்னுதானே சொல்றோம், திருடினாங்கன்னா சொல்றோம்? மேற்கோள் வாடை கொஞ்சம் அடிக்குது, இருக்கட்டும். அனுமதி வாங்காம செஞ்சிருந்தா "அனுமதியில்லா எடுத்தாளல்"னு அடைமொழி சேர்த்தா போச்சு.

இதைவிட மோசம், "ராயல்டி ஃப்ரீ"யை "இலவசப் படங்கள்"னு மொழிபெயர்க்கிறது. அந்த ஃப்ரீ காசு இல்லாத ஃப்ரீ இல்லைங்க, ஒவ்வொரு தடவை பயன்படுத்தும்போதும் தனியா உரிமத்தொகை கட்டத் தேவையில்ல, அவ்வளவுதான், முதல்ல லைசென்ஸ் வாங்க பெரும்பாலும் காசு கொடுக்கணும். இலவசம்னு நம்பி எடுத்துப் போட்டவருக்கு நோட்டீஸ் வந்தா மொழிபெயர்ப்பாளரா வந்து பதில் சொல்லுவார்?