முட்டி என்றால் எந்த முட்டி?

கடற்கரையில் குதிரைச் சவாரி விடும் தம்பி ஒருவர் ஒரு ஞாயிறு காலையில் போன் செய்தார். "சார், பின்னங்கால் முட்டி வீங்கியிருக்கு. வலிக்கு மருந்து மட்டும் சொல்லுங்க, போட்டுடறேன்."

பின்காலின் நடுவில், பின்பக்கமாகத் துருத்தி நிற்கும் மூட்டைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். நேரில் போனால், வீக்கம் குளம்புக்குச் சற்று மேலே இருக்கும் மூட்டில். காலைத் தூக்கிக் குளம்பைத் திருப்பினேன். அடியில் ஒரு ஆணி, தலை மட்டும் தெரிந்தது. வலி மருந்தைப் போட்டு அன்று மாலையும் சவாரிக்கு விட்டிருந்தால் ஆணி இன்னும் ஆழமாக ஏறியிருக்கும்.

தப்பு அவருடையது மட்டும் அல்ல. முன்காலில் நாம் முழங்கால் என்று சொல்வது, எலும்பின்படி பார்த்தால் நம் மணிக்கட்டு. பின்காலில் துருத்தி நிற்பது நம் குதிகால். உண்மையான முழங்கால் மூட்டு மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது. குதிரை நடப்பதே ஒவ்வொரு காலிலும் ஒற்றை விரல் நுனியில்தான். அந்த விரலின் நகம்தான் குளம்பு. அதனால் மருத்துவரிடம் முட்டி என்று சொல்லாதீர்கள். முன்காலா பின்காலா, இடதா வலதா, குளம்பிலிருந்து எண்ணினால் எத்தனையாவது மூட்டு என்று சொல்லுங்கள். இப்போது அந்தத் தம்பி அப்படித்தான் சொல்கிறார்.

குளம்பின் அடியில் நடுவே, அம்புமுனை வடிவில் ரப்பர் மாதிரி ஒரு மெத்தை இருக்கும். தினமும் பார்க்க வேண்டிய இடம் அது. அதன் இருபக்கப் பள்ளங்களில் கறுப்பாகக் கசிந்து நாறினால் அழுகல் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த மெத்தையில் ஆணி ஏறினால் உடனே பிடுங்காதீர்கள். அதற்கு நேர் மேலேதான் முக்கியமான தசைநாணும் மூட்டும் இருக்கின்றன. ஆணி இருக்கும்போதே எக்ஸ்ரே எடுத்தால் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரியும். மருத்துவர் வரும்வரை குதிரையை நடத்தாமல், ஆணி மேலும் ஏறாதபடி குளம்பைச் சுற்றிக் கனமாகக் கட்டி வையுங்கள். ரணஜன்னி (டெட்டனஸ்) ஊசியைக் கட்டாயம் கேளுங்கள். அந்த நோய் குதிரையை எளிதில் பிடிக்கும்.

இன்னொன்று. முன்காலின் உட்பக்கம், முழங்காலுக்கு மேலே, காய்ப்பு மாதிரி ஒன்று இருக்கும். கட்டி என்று நினைத்து அறுக்கப் பார்த்தவர்களைக் கண்டிருக்கிறேன். அது பிறவியிலேயே உள்ளது, விட்டுவிடுங்கள்.

அப்புறம் மயிர். பிடரி மயிரைக் கத்தரிப்பதில் தவறில்லை; "கொய்சுவல் புரவி" என்று சங்கப் பாடல்களே அப்படிக் கத்தரித்த குதிரையைச் சொல்கின்றன. ஆனால் வாயைச் சுற்றி நீட்டிக்கொண்டிருக்கும் மீசை மயிரை அழகுக்காகச் சிரைக்காதீர்கள். தன் மூக்குக்கு நேர் கீழே இருப்பது குதிரையின் கண்ணுக்குத் தெரியாது. புல்லையும் தொட்டி விளிம்பையும் அது அந்த மயிரால்தான் தடவி அறிகிறது. அதைச் சிரைத்த குதிரைகளைச் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2021 ஜூலை முதல் போட்டிகளில் அனுமதிப்பதில்லை. கண்ணைச் சுற்றி இருக்கும் நீண்ட மயிரும் அதே வேலையைத்தான் செய்கிறது. அதன் மேலும் கத்தரி படவேண்டாம்.