அப்ரூவர் என்றால் ஒப்புதல் தருபவரா?

"வழக்கில் திடீர் திருப்பம், மூன்றாவது குற்றவாளி அப்ரூவராக மாறினார்" என்று செய்தியில் படித்திருப்பீர்கள். அப்ரூவ் என்றால் அங்கீகரிப்பது என்றுதான் நமக்குத் தெரியும், கோப்பில் கையெழுத்துப் போடுகிற அதிகாரிதான் நினைவுக்கு வருவார், ஒரு திருடன் எதை அங்கீகரிக்கிறான் என்று பலர் கேட்கிறார்கள். எதையும் அங்கீகரிக்கவில்லை, மன்னிப்புக்காகத் தன் கூட்டாளிகளுக்கு எதிராகச் சாட்சி சொல்ல முன்வருகிறான். லத்தீன் வேரிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்த இந்தச் சொல்லுக்கு 'மெய்ப்பித்துக் காட்டு' என்றும் ஒரு பொருள் உண்டு. உள்ளே 'ப்ரூவ்' இருக்கிறது பாருங்கள், அதுதான் இது.

இடைக்கால இங்கிலாந்தில் அப்ரூவர் என்பவர் முதலில் தன் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும், அப்புறம் கூட்டாளிகளின் பெயரைச் சொல்லி, அவர்களும் குற்றவாளிகள்தான் என்று மெய்ப்பிக்க வேண்டும். சில நேரம் அதற்காக அவர்களோடு சண்டையே போட வேண்டியிருந்தது. மெய்ப்பித்தால் உயிர் பிழைக்கலாம், தவறினால் தூக்கு.

பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனுக்கு வருவோம், ஏனென்றால் இந்தப் பழக்கம் ஒரு பெரிய சந்தையாகவே மாறியது அங்கேதான். இன்று நாம் அறிந்த போலீஸ் அன்று இல்லை. பொருளைப் பறிகொடுத்தவரே திருடனைத் தேடிப் பிடித்து வழக்கும் நடத்த வேண்டும். தண்டனையோ பயங்கரம்: 1699 சட்டப்படி கடையில் 5 ஷில்லிங் மதிப்புள்ள பொருளைக் களவாடினாலும், 1713 சட்டப்படி வீட்டுக்குள் 40 ஷில்லிங் திருடினாலும் தூக்கு. இதற்கு முன்பே 1692-இல் ஒரு சட்டம் வந்திருந்தது. வழிப்பறிக்காரனைப் பிடித்துத் தண்டனை வாங்கிக் கொடுத்தால் 40 பவுண்டு பரிசு, ஒரு சாதாரணக் கூலியாளின் ஆண்டு வருமானத்துக்கும் மேல். பிடிபடாமல் இருக்கும் கொள்ளையன் வேறு இருவரைக் காட்டிக்கொடுத்தால் அவனுக்கு மன்னிப்பு. அப்புறம் என்ன நடக்கும்? யார் முதலில் வாய் திறப்பது என்பதே போட்டி. சிறையை உடைத்துத் தப்பிப் புகழ்பெற்ற ஜாக் ஷெப்பர்டை 1724-இல் முதலில் காட்டிக்கொடுத்தது அவருடைய சொந்த அண்ணன் டாம்.

ஜோசப் பிளேக் என்ற கொள்ளையரின் கதையைப் படிக்கும்போது எனக்கு மனசு கனக்கிறது. கூட்டாளிகளுக்கு எதிராகச் சாட்சி சொன்னவர் அவர், மறுவருடம் 1724-இல் இன்னொரு கூட்டாளி வில்லியம் ஃபீல்ட் அவருக்கு எதிராகக் கூண்டில் ஏறினார். இதன் பின்னால் இருந்தவர் ஜோனதன் வைல்ட், திருடர்களைப் பிடிப்பவர் என்ற பெயரில் திருடர்களையே ஆட்டிவைத்தவர். ஓல்ட் பெய்லி நீதிமன்றத்திலேயே பிளேக் அவருடைய கழுத்தைக் கத்தியால் அறுத்தார். வைல்ட் பிழைத்துக்கொண்டார், பிளேக் தூக்கில் தொங்கினார். அடுத்த மே மாதம், 1725-இல், திருட்டுப்போன லேஸ் துணியை உரியவரிடம் சேர்க்க 10 பவுண்டு வாங்கிய குற்றத்துக்காக வைல்டும் டைபர்ன் தூக்குமேடைக்குப் போனார். உயிருக்குப் பயந்தவனின் வாய்மொழியை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கேள்வி இந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது.

1775-இல் மார்கரெட் கரோலின் ரட் என்ற பெண்மீது கள்ளக் கையெழுத்துப் பத்திர வழக்கு. நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபு, பழைய அப்ரூவர் முறை எப்போதோ வழக்கொழிந்துவிட்டது, இப்போது கூட்டாளி சாட்சியாகச் சேர்க்கப்படுகிறார், எதையும் மறைக்காமல் உண்மையைச் சொன்னால்தான் அரசரின் கருணையை எதிர்பார்க்கலாம் என்று விளக்கினார். அந்தப் பெண் முழுதும் சொல்லவில்லை என்று விசாரணைக்கு நிறுத்தப்பட்டார், ஆனால் விடுதலையானார். அவரோடு குற்றம் சாட்டப்பட்ட பெரோ சகோதரர்கள் இருவரும் 1776 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டார்கள்.

இங்கிலாந்து கைவிட்ட சொல் இந்தியாவில் தங்கிவிட்டது. 1830-களில் ஆங்கிலேய அதிகாரி ஸ்லீமன், வழிப்போக்கர்களைக் கொன்று கொள்ளையடித்த தக்கர்களை ஒடுக்கியபோது, பிடிபட்ட தக்கர்களையே அப்ரூவர்களாக வைத்து மற்றவர்களைப் பிடித்தார். 1872 சாட்சியச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு உடந்தையாளர் சாட்சி சொல்லலாம் என்றது, 114-ஆம் பிரிவின் எடுத்துக்காட்டு ஒன்றோ வேறு ஆதாரம் துணைக்கு வராவிட்டால் அவர் நம்பத்தகாதவர் என்று நீதிமன்றம் கருதலாம் என்றது. இன்றைய சட்டத்திலும் மன்னிப்பு வழங்கும் முறை இருக்கிறது, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 343-ஆம் பிரிவு.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'அரசுத் தரப்புச் சாட்சி' என்று எழுதுகிறார்கள், ஆனால் பஞ்சநாமாவில், அதாவது போலீஸ் சோதனையின்போது சாட்சிகள் முன் எழுதும் பதிவில், கையெழுத்திட்ட பெட்டிக்கடைக்காரரும் அரசுத் தரப்புச் சாட்சிதானே, குற்றத்தில் பங்கு என்கிற முக்கியமான விஷயம் அதில் விழுந்துவிடுகிறது. 'பிறழ்சாட்சி' என்று போடுவது முழுத் தவறு, அது சொன்னதை மாற்றிச் சொல்லும் சாட்சி. 'ஒப்புதல் வாக்குமூலம் தந்தவர்' என்பதும் போதாது, தன் குற்றத்தை மட்டும் ஒப்புக்கொண்டு யாரையும் காட்டிக்கொடுக்காதவரும் அதைத் தரலாம். நான் 'உடந்தைச் சாட்சி' என்றே எழுதுகிறேன். உடந்தை என்பது நம் பேச்சிலேயே இருக்கிற சொல், குற்றத்தில் பங்கும் அதில் வந்துவிடுகிறது, சாட்சி என்பதும் வந்துவிடுகிறது. "மூன்றாவது குற்றவாளி உடந்தைச் சாட்சியாக மாறினார்" என்று எழுதிப் பாருங்கள், முதல்முறை படிப்பவருக்கும் புரியும். மன்னிப்பு கிடைத்துவிட்டதைச் சொல்ல வேண்டிய இடத்தில் 'மன்னிப்பு பெற்ற உடந்தைச் சாட்சி' என்று நீட்டிக்கொள்ளலாம்.