ஹோஸ்டிங்: விருந்தா, குடித்தனமா?

போன தீபாவளிக்கு நாலு நாள் முன்பு, ராத்திரி ஒன்பதரை மணிக்கு ஒரு போன். “ஏனுங்க, ஆயிரத்து இருநூறு ரூபா போயிருச்சுங்க, ஆர்டர் வந்த மாதிரியே காட்டலீங்களே” என்றார் ஒரு கோயம்புத்தூர் அம்மா. இணையத்தில் கருப்பட்டியும் பனங்கற்கண்டும் விற்கிற சின்னக் கடை என்னுடையது. தளத்தைத் திறந்தால் வெள்ளைத் திரையில் ஒற்றை வரி: 508, வள வரம்பு எட்டப்பட்டது. அவர் கணக்கிலிருந்து யூபிஐயில் பணம் கிளம்பிவிட்டது. ‘பணம் வந்தாச்சு’ என்று சொல்ல பேமென்ட் கேட்வே, அதாவது இடையில் நின்று பணத்தை வாங்கித் தரும் சேவை, என் தளத்தைத் தட்டியபோது கதவு திறக்கவில்லை. ஆர்டர் ‘பெண்டிங்’கிலேயே நின்றுவிட்டது. அன்றிரவு இப்படிப் பதினோரு பேர்.

என் தளத்தைத் தன் கணினியில் வைத்து நடத்தித் தரும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் சாட்டில் முக்கால் மணி நேரம் காத்திருந்து வாங்கிய பதில்: “உங்கள் தளம் அதிக வளங்களை எடுக்கிறது, அடுத்த பிளானுக்கு மாறுங்கள்.” ஹோஸ்ட் என்றால் விருந்து கொடுப்பவர் அல்லவா? பந்தியில் உட்கார்ந்தவனைப் பார்த்து ‘நீ நிறைய சாப்பிடுகிறாய்’ என்று சொல்வது எந்த ஊர் விருந்து? அந்த எரிச்சலில்தான் இந்தச் சொல்லைத் தோண்டினேன்.

லத்தீனில் ‘ஹோஸ்பெஸ்’ என்றொரு சொல். வீட்டுக்காரர், வந்தவர் இருவருக்கும் அது ஒன்றேதான். ஹாஸ்பிட்டல், ஹோட்டல், ஹாஸ்டல் எல்லாம் அதன் வழி வந்தவை. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனதுதான் ‘ஹோஸ்ட்’. அதே வேரில் ‘ஹோஸ்டிஸ்’ என்று ஒரு பங்காளியும் உண்டு. முதலில் அதற்கு அந்நியன் என்று பொருள், பிற்பாடு எதிரி என்றாகிவிட்டது. இந்த மாற்றத்தை ரோமானியப் பேச்சாளர் சிசரோவே குறித்து வைத்திருக்கிறார். விருந்தாளிக்கும் விரோதிக்கும் ஒரே வேர். பதினோரு பேருக்குப் பணத்தைத் திருப்பி அனுப்பியவன் என்ற முறையில் எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை.

நம் ‘விருந்து’ம் இதே இடத்தில்தான் தொடங்குகிறது. அதன் பழைய பொருள் புதுமை. புதிதாகப் புனைந்த செய்யுளைத் தொல்காப்பியம் ‘விருந்து’ என்கிறது. அப்புறம் வீட்டுக்குப் புதிதாக வந்த ஆளைக் குறித்தது. இலையில் விழும் சோற்றுக்குப் பெயராக வந்தது அதற்கும் பின்னால். குறளில் ‘செல்விருந்து’, ‘வருவிருந்து’ என்று வருவதெல்லாம் ஆளைத்தான். போகிற விருந்தைப் பேணிவிட்டு வருகிற விருந்தை எதிர்பார்த்திருக்கச் சொல்கிறார் வள்ளுவர். ஹோஸ்டிங் விலைப்பட்டியலில் பேணுதல் முழுக்க வருவிருந்துக்குத்தான். எனக்கு முதல் வருடம் மாதம் 149 ரூபாய், புதுப்பிக்கும்போது 499.

கணினிக்கு இந்தச் சொல் வந்தது, இணையத்துக்கு முன்னோடியான அர்பாநெட் வலை காலத்தில். பல்கலைக்கழகங்களில் இருந்த பெரிய கணினிகளை வலையில் இணைக்க ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கணினியை வைத்தார்கள். அந்தப் பெரிய கணினிதான் ஹோஸ்ட். 1969 ஏப்ரல் 7 தேதியிட்டு ஸ்டீவ் கிராக்கர் எழுதிய முதல் ஆர்எஃப்சி (வலையின் விதிமுறைகளைப் பேசும் குறிப்பு வரிசை) குறிப்பின் தலைப்பே ‘ஹோஸ்ட் சாஃப்ட்வேர்’. அங்கே ஹோஸ்ட் வாடகைக்கு விடும் பொருள் அல்ல. அடுத்தவர் தளத்தைத் தன் கணினியில் வைத்துக் காசு வாங்கும் தொழில், 1990களில் வலைத்தளங்களோடு வளர்ந்தது. உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் விதிமுறைதான் எச்டிடிபி. 1997இல் வெளிவந்த அதன் 1.1 பதிப்பு, ‘எந்தத் தளம் வேண்டும்’ என்று ஒவ்வொரு கோரிக்கையிலும் பெயர் சொல்வதைக் கட்டாயமாக்கியது. அந்த வரியின் பெயரும் ‘ஹோஸ்ட்’தான். ஒரே ஐபி முகவரியில், அதாவது இணையத்தில் ஒரு கணினியைக் காட்டும் ஒரே எண்ணில், நூற்றுக்கணக்கான தளங்களை அடைக்க முடிந்தது இதனால்தான்.

அதைத்தான் ‘ஷேர்டு ஹோஸ்டிங்’ என்று விற்கிறார்கள். தமிழில் இதற்குப் புதுச் சொல் உருவாக்கவே வேண்டாம், ஒண்டுக்குடித்தனம் என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு முற்றம், ஒரு குழாய், வரிசையாகப் பத்துக் குடும்பம். ஒரு வீட்டில் விசேஷம் என்றால் மற்றவர்களுக்குத் தண்ணீர் இல்லை. பக்கத்துப் போர்ஷன்காரர் குப்பை மின்னஞ்சல் அனுப்பினால் எல்லோருக்கும் பொதுவான அந்த முகவரியின் பெயரே கெட்டுப்போகும், என் ரசீது வாடிக்கையாளரின் ஸ்பேமில் போய் விழும். இப்படி யாரும் யாரையும் மூழ்கடித்துவிடாமல் இருக்க ஆளுக்கு ஒரு வரம்பு வைக்கிறார்கள். என் பிளானில் ஒரே நேரத்தில் 20 பிஎச்பி வேலைகள்தான் ஓடலாம். பக்கங்களைத் தயாரித்துத் தரும் நிரல்மொழிதான் பிஎச்பி.

கட்டுரைத் தளம் நடத்துகிறவருக்கு இது உறைக்காது. ஒரு பக்கத்தை ஒருமுறை சமைத்துப் பிரதி எடுத்து வைத்துவிட்டால் ஆயிரம் பேருக்கும் அதையே பரிமாறலாம். கடைக்கு அது நடக்காது. உங்கள் கூடையில் சுக்குக் கருப்பட்டி, இன்னொருவர் கூடையில் பனங்கற்கண்டு. கூடைப் பக்கமும் பணம் கட்டும் பக்கமும் ஒவ்வொருவருக்கும் புதிதாகச் சமைக்க வேண்டியவை. ஆக, வாங்க வந்தவர் கூடையை நிரப்புகிற நேரத்தில்தான் கடை படுக்கும். ‘அன்லிமிடெட்’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்களே என்றால், அது ஹார்ட் டிஸ்க்கில் உள்ள இடத்துக்கு. அதிலும் கோப்புகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு உண்டு என்று விதிமுறைகளின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. 99.9 சதவீதம் இயங்கும் என்ற உறுதிமொழியும் மாதத்துக்கு 43 நிமிடம் படுத்திருக்கலாம் என்பதன் இன்னொரு வடிவம்தான். அந்த 43 நிமிடம் ஞாயிறு அதிகாலையிலா தீபாவளி ராத்திரியிலா என்று யார் சொல்ல முடியும்?

சரி, தமிழில் எப்படி எழுதுவது? சர்வருக்கு ‘வழங்கி’ நிலைத்துவிட்டது. சர்வர் என்றாலே இட்லி கொண்டுவருபவர் என்று நினைத்த தலைமுறைக்குப் பொருத்தமான சொல்தான். ஹோஸ்டிங்கை ‘வலை விருந்தோம்பல்’ என்று எழுதுவதை நான் ஏற்கவில்லை. காசு வாங்கிக்கொண்டு செய்வதில் விருந்து எங்கே வந்தது? விருந்தை எடுத்துவிட்டு ‘ஓம்பல்’ என்பதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஓம்புதல் என்றால் காத்தல், பேணுதல். உயிரியல் பாடத்தில் ஒட்டுண்ணியைத் தாங்கும் உயிரை ‘ஓம்புயிரி’ என்று ஏற்கெனவே படித்திருக்கிறோம். ஆகவே ஹோஸ்டிங் ‘தள ஓம்பல்’, அதைச் செய்யும் நிறுவனம் ‘ஓம்புநர்’, ஷேர்டு ஹோஸ்டிங் பேச்சில் ‘ஒண்டுக்குடித்தனம்’. எழுத்தில் இது நெருடினால் ‘பகிர்வு ஓம்பல்’. ஒரே கணினிக்குள் நமக்கென்று ஒரு பங்கைத் தனியாகப் பிரித்துத் தரும் விபிஎஸ்ஸைத் ‘தனிப் போர்ஷன்’ என்று நான் சொல்வது விளையாட்டுக்கு, ஆனால் கேட்டவர்களுக்குச் சட்டென்று புரிகிறது.

அந்தத் தனிப் போர்ஷனுக்குத்தான் இப்போது கடையை மாற்றியிருக்கிறேன். வருடக் கணக்கை ஆடிட்டர் அலுவலகத்துக்கு அனுப்பியபோது செலவுப் பத்தியில் ‘தள ஓம்பல்’ என்று எழுதியிருந்தேன். அங்கே கணக்கு எழுதுகிற தம்பி கூப்பிட்டார்.

“சார், இது என்ன சார், கோயில் நன்கொடையா?”

விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப வாடகைன்னு போட்டுடவா சார்?”

“போடுங்க தம்பி” என்றேன்.