1,600 கோடி பாஸ்வேர்டும் ஒரு ஃபிளெக்ஸ் கடை கம்ப்யூட்டரும்

டிவியில் சிவப்புப் பட்டையில் ஓடும் அளவுக்கு ஊதப்பட்ட கம்ப்யூட்டர் பாதுகாப்புச் செய்தியால் உங்கள் பணம் போவது அபூர்வம். திருப்பூர், கோவை வட்டாரத்தில் சின்ன அலுவலகங்களுக்கு நெட்வொர்க், பேக்கப், வைரஸ் தொல்லை எல்லாம் பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. நான் பார்த்த வரையில் பணத்தைத் தொலைத்தவர்கள், மெயிலைப் பறிகொடுத்தவர்கள் யாரும் அந்த வாரத்துத் தலைப்புச் செய்தியில் ஏமாந்தவர்கள் இல்லை. எல்லோரும் பழைய, சலித்துப்போன, எந்தச் சேனலும் காட்டாத வழிகளில்தான் ஏமாந்தார்கள்.

2025 ஜூனில் வந்த '1,600 கோடி பாஸ்வேர்டுகள் கசிவு' செய்தியையே எடுத்துக்கொள்வோம். ஆப்பிள், கூகுள், ஃபேஸ்புக் மூன்றின் லோகோவையும் போட்டு, பின்னணியில் முக்காடு போட்ட ஒரு ஆள் கீபோர்டில் தட்டுகிற படத்தையும் போட்டு (அந்த ஆளுக்கு இத்தனை வருடத்தில் ஒரு நல்ல நாற்காலி வாங்கிக் கொடுத்திருக்கலாம்), மூன்று கம்பெனியையும் யாரோ உடைத்துவிட்ட மாதிரி சொன்னார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. சைபர்நியூஸ் என்ற தளத்தின் ஆய்வாளர்கள் இணையத்தில் பூட்டில்லாமல் கிடந்த 30 தரவுத் தொகுப்புகளைக் கண்டதாகவும், அவற்றிலுள்ள வரிகளைக் கூட்டினால் 1,600 கோடி வருவதாகவும் எழுதினார்கள். அதில் எத்தனை வரி திரும்பத் திரும்ப வருகிறது, எத்தனை பழசு என்பது பற்றிக் கணக்கு இல்லை. உலக ஜனத்தொகையே 800 கோடிதான், குழந்தை குட்டி உட்பட ஆளுக்கு இரண்டு பாஸ்வேர்டு கசிந்ததா என்று ஒரு செய்தி ஆசிரியராவது கேட்டிருக்கலாம்.

இந்த எண் விளையாட்டு புதிதும் இல்லை. 2024 ஜனவரியில் 2,600 கோடிப் பதிவுகள், 'எல்லாக் கசிவுகளுக்கும் தாய்' என்றார்கள். அதே ஆண்டு ஜூலையில் ஏறக்குறைய 1,000 கோடி பாஸ்வேர்டு கொண்ட ராக்யூ 2024 என்ற கோப்பு. பெரும்பாலும் பழைய கசிவுகளைக் கொட்டிக் கலந்து புதுப் பெயர் வைத்த குவியல்கள்தான் இவை.

சரி, அந்த வரிகள் எங்கிருந்து வந்தன? விஷயமே இங்கேதான் இருக்கிறது, நான் பார்த்த செய்திகளில் கடைசிப் பத்தியில்கூட இது வரவில்லை. பெரும்பகுதி இன்ஃபோஸ்டீலர் என்கிற தகவல் திருடும் மென்பொருள்கள், தனி மனிதர்களின் கம்ப்யூட்டரிலிருந்து ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தவை. ரெட்லைன், லும்மா என்று பல பெயர்கள். 2025 மே மாதம் மைக்ரோசாஃப்டும் அமெரிக்க நீதித்துறையும் சேர்ந்து லும்மாவின் இணைய முகவரிகளைப் பறித்தபோது, அதற்கு முந்தைய இரண்டே மாதத்தில் 3.94 லட்சத்துக்கும் மேலான விண்டோஸ் கணினிகளில் அது இருந்ததாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. கோட்டைக் கதவை யாரும் உடைக்கவில்லை, வீட்டுக்கு வீடு சாவியைத்தான் எடுத்திருக்கிறார்கள்.

அந்தச் செய்தி வந்த வாரம் எனக்கு வந்த போன்களில் ஒன்று, ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கும் கடைக்காரர் ஒருவரிடமிருந்து. "தம்பி, பாஸ்வேர்டு எல்லாம் போயிருச்சாமா, நம்ம கூகுளை மாத்தோணுங்களா?" மாற்றுவது கிடக்கட்டும்ணே, முதலில் மெஷினைப் பார்க்கிறேன் என்று போனேன். டிசைன் போடும் கம்ப்யூட்டரில் ஃபோட்டோஷாப், கோரல்டிரா இரண்டுமே கிராக், அதாவது காசு கொடுக்காமல் பூட்டை உடைத்து ஓட்டும் பிரதி. டெஸ்க்டாப்பிலேயே அந்த ஜிப் கோப்பு இருந்தது, கூடவே ஒரு குறிப்புக் கோப்பு: ஆன்டிவைரஸை நிறுத்து, ஜிப்பின் பாஸ்வேர்டு 1234, அட்மினாக ஓட்டு. யூட்யூபில் வீடியோ பார்த்து, அதன் கீழே இருந்த லிங்கில் டிசைனர் பையன் இறக்கியிருக்கிறான். ஜிப்புக்கு எதற்குப் பாஸ்வேர்டு என்று அவனும் யோசிக்கவில்லை, யோசிக்க அவனுக்கு நேரமும் இல்லை, கல்யாண சீசன். உள்ளே என்ன இருக்கிறது என்று பிரவுசரோ ஆன்டிவைரஸோ திறந்து பார்க்க முடியாமல் இருக்கத்தான் அந்த 1234.

இப்படிப்பட்ட கிராக்குக்குள் ஒளிந்து வரும் இன்ஃபோஸ்டீலர் வேலை முடிக்க ஒன்றிரண்டு நிமிடம் போதும். பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள், தானாக நிரப்புவதற்காக வைத்த பெயர், முகவரி, கார்டு விவரம், டெஸ்க்டாப்பில் கிடக்கும் கோப்புகள், போதாததற்கு அந்த நேரத்துத் திரையின் ஒரு படம். எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் கட்டி அனுப்பிவிட்டு, பல சமயம் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். ஆளுக்கு ஒரு ஃபோல்டர். அதில் பாஸ்வேர்டு கோப்பைத் திறந்தால் தளத்தின் முகவரி, பயனர் பெயர், பாஸ்வேர்டு என்று மளிகைக் கடைச் சிட்டை மாதிரி வரி வரியாக இருக்கும். இப்படிப்பட்ட ஃபோல்டர்கள்தான் டெலிகிராம் குழுக்களில் மொத்த விலைக்குப் போகின்றன. பெரும்பாலும் அந்த வரிகளைக் கூட்டிச் சேர்த்ததுதான் 1,600 கோடி.

இதில் நிறையப் பேருக்குப் புரியாத இடம் ஒன்று உண்டு. ஓடிபி இருக்கிறதே, பாஸ்வேர்டு போனால் என்ன என்கிறார்கள். நீங்கள் ஒருமுறை ஜிமெயிலில் நுழைந்த பிறகு, மறுநாள் திறக்கும்போது அது ஓடிபி கேட்பதில்லை அல்லவா? 'இவர் ஏற்கெனவே சோதித்து விட்டவர்' என்று உங்கள் பிரவுசரில் ஒரு சீட்டு வைத்திருக்கிறது, குக்கி என்பார்கள். அந்தச் சீட்டையும் சேர்த்துத்தான் எடுத்துப் போகிறார்கள். அதை வேறொரு பிரவுசரில் வைத்தால் பல சமயம் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். அதனால், செய்தியைப் பார்த்து பதறிப்போய் அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றுவது வீண். கிருமி இன்னும் அங்கே இருந்தால் புதுப் பாஸ்வேர்டும் சுடச்சுட போய்ச் சேரும். வேறொரு சுத்தமான கம்ப்யூட்டரிலோ போனிலோ உட்கார்ந்து, கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் எந்தெந்தச் சாதனங்கள் உள்ளே இருக்கின்றன என்று பார்த்து எல்லாவற்றையும் வெளியேற்றிவிட்டு, அப்புறம் மாற்ற வேண்டும். பழைய மெஷினை ஃபார்மட் அடிக்க வேண்டும். ஃபிளெக்ஸ் கடையில் அதைத்தான் செய்தோம். மூன்றாவது நாள் இன்னொரு கிராக் ஏறியதா என்று நான் கேட்கவில்லை.

கிராக் மட்டும்தான் வழி என்றும் நினைக்க வேண்டாம். ஒரு தளத்துக்குப் போவீர்கள், 'நான் ரோபோ இல்லை' என்று டிக் அடிக்கச் சொல்லும், அடித்ததும் விண்டோஸ் பட்டனையும் ஆர் பட்டனையும் சேர்த்து அழுத்து, பிறகு கன்ட்ரோல் வி, பிறகு என்டர் என்று மூன்று படி சொல்லும். டிக் அடித்த நொடியிலேயே ஒரு கட்டளை உங்களுக்குத் தெரியாமல் காப்பி ஆகியிருக்கும். அதை நீங்களே ஒட்டி, நீங்களே ஓட்டுகிறீர்கள். உலகத்தில் எந்த உண்மையான ரோபோ சோதனையும் கீபோர்டில் இப்படி அழுத்தச் சொல்லாது.

இதையெல்லாம் ஒன்றரை நிமிடச் செய்தியில் காட்ட முடியாது, புரிகிறது. ஆனால் ஊடகத்தை மட்டும் திட்டிப் பயனில்லை. பயத்தை விற்பதில் எங்கள் தொழில்காரர்களுக்கும் பங்கு உண்டு. 2024 தொடக்கத்தில் 30 லட்சம் மின்சார டூத்பிரஷ்கள் சேர்ந்து ஒரு சுவிட்சர்லாந்து கம்பெனியின் தளத்தை முடக்கிவிட்டதாக உலகம் முழுக்கச் செய்தி வந்தது. அது ஒரு உதாரணமாகச் சொல்லப்பட்டதே தவிர நடந்தது அல்ல என்று, அந்தக் கதையைப் பத்திரிகைக்குச் சொன்ன ஃபோர்டிநெட் என்ற பாதுகாப்பு நிறுவனமே பின்னர் அறிக்கை விட்டது. நடந்ததாகத்தான் எங்களிடம் சொன்னார்கள் என்று முதலில் எழுதிய சுவிஸ் பத்திரிகைத் தரப்பு பதிலுக்குச் சொன்னது. யார் சொன்னது உண்மையோ, அந்த வகை டூத்பிரஷ் பெரும்பாலும் புளூடூத்தில் போனோடு மட்டும்தான் பேசும், நேராக இணையத்துக்கே போகாது என்பதை மறு ஒளிபரப்பு செய்த எவரும் யோசிக்கவில்லை. 2025 ஆகஸ்டில் 250 கோடி ஜிமெயில் பயனர்களுக்கும் கூகுள் அவசர எச்சரிக்கை என்று வந்ததே, அதுவும் இப்படித்தான். அப்படி ஒரு எச்சரிக்கையே விடவில்லை, முற்றிலும் பொய் என்று கூகுள் செப்டம்பர் 1 அன்று மறுத்தது. மறுப்பை எத்தனை பேர் பார்த்தீர்கள்?

அதைவிட வேடிக்கை 2024 அக்டோபரில். சீன ஆய்வாளர்கள் குவாண்டம் கணினியால் 'ராணுவத் தர' குறியாக்கத்தை உடைத்துவிட்டார்கள், இனி வங்கிகள் கதி அவ்வளவுதான் என்றார்கள். ஆர்எஸ்ஏ என்ற குறியாக்க முறையை உடைக்க ஒரு பெரிய எண்ணை அதன் காரணிகளாகப் பிரிக்க வேண்டும், அவர்கள் பிரித்தது 22 பிட் எண். அதிகபட்சம் ஏழு இலக்கம், உங்கள் பையனின் பழைய லேப்டாப் கண் சிமிட்டும் நேரத்தில் முடித்துவிடும். அந்த முறையில் இப்போது பரவலாகப் புழக்கத்தில் உள்ள சாவி 2,048 பிட், அதாவது 617 இலக்கம். ஆய்வு ஆய்வுதான், தலைப்புதான் அதற்குச் சம்பந்தம் இல்லாமல் இருந்தது.

இதே காலத்தில் நிஜமாகவே எங்களைத் தூங்கவிடாத ஒரு விஷயம் நடந்தது. 2024 மார்ச் இறுதியில், லினக்ஸ் சர்வர்களில் எங்கும் பயன்படும் எக்ஸ்இசட் என்ற சின்ன மென்பொருளுக்குள் யாரோ ஒரு திருட்டுக் கதவு வைத்திருப்பதை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் கண்டுபிடித்தார். சர்வருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று நோண்டிப் பார்த்தார், அவ்வளவுதான். வைத்த ஆள் ஜியா டான் என்ற பெயரில் இரண்டு வருடத்துக்கும் மேல் நல்ல பிள்ளையாக உதவி செய்து நம்பிக்கை சம்பாதித்திருந்தார். அது சோதனைப் பதிப்புகளைத் தாண்டி எல்லா சர்வருக்கும் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயம். நம்மூர்ச் சேனலில் அது பட்டையாக ஓடி நான் பார்க்கவில்லை. முக்காடு போட்ட ஆள் படம் அதற்குப் பொருந்தவில்லையோ என்னவோ.

சில சமயம் அரசாங்கமும் வங்கியும்கூட இந்தப் பயத்துக்குத் துணை போகின்றன. பொது இடத்தில் யுஎஸ்பி சார்ஜர் போடாதே, போனில் உள்ள எல்லாம் போய்விடும் என்கிற 'ஜூஸ் ஜாக்கிங்'. 2011ல் லாஸ் வேகாஸ் ஹேக்கர் மாநாட்டில் விழிப்புணர்வுக்காக வைத்துக் காட்டிய ஒரு சார்ஜிங் பெட்டியிலிருந்து கிளம்பிய பெயர் இது. 2019 டிசம்பரில் ஸ்டேட் பாங்க் ட்வீட் போட்டது, 2022ல் ரிசர்வ் வங்கியின் கையேட்டில் வந்தது, 2023 ஏப்ரலில் எஃப்பிஐயின் டென்வர் அலுவலகம் சொன்னது. இத்தனைக்கும் பொது இடத்தில் ஒருவருக்காவது இப்படி நடந்ததாக உறுதியான வழக்கு நான் பார்த்ததில்லை. தொழில்நுட்பரீதியாக முடியாதது என்று சொல்லமாட்டேன். 2025லேயே ஆஸ்திரியாவின் கிராஸ் பல்கலைக்கழகத்தில், போன் கேட்கும் 'அனுமதி' பட்டனை சார்ஜரே அழுத்திக்கொள்ளும்படி செய்து காட்டினார்கள். ஆப்பிளும் கூகுளும் அதற்கு அப்டேட் விட்டுவிட்டன. அப்டேட் போடாமல் வைத்திருக்கிறீர்கள் என்றால் சார்ஜரைவிட அதைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

என் ஆதங்கம் என்னவென்றால், ஒரு சாதாரண மனிதனால் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் ஜாக்கிரதையாக இருக்க முடியும். ரயில் நிலையத்தில் சார்ஜர் போடப் பயந்து பேட்டரி செத்த போனோடு வீட்டுக்கு வருகிற பெரியவர், அதே போனில் 'போக்குவரத்து அபராதம்' என்று வாட்ஸ்அப்பில் வந்த ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு போனில் செயலியை ஏற்றும் கோப்பு), தெரியாத செயலி என்று ஆண்ட்ராய்டு எச்சரித்தும் அனுமதி கொடுத்து ஏற்றிவிடுகிறார். அது எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி கேட்கிறது, அதையும் கொடுக்கிறார். அதன் பிறகு ஓடிபியை அவர் பார்ப்பதற்கு முன்பே அது வேறொருவனுக்குப் போய்விடும். கல்யாணப் பத்திரிகை, கரன்ட் பில், பிஎம் கிசான் என்று கோப்பின் பெயர் மாறும், வேலை ஒன்றுதான்.

2024ல் இந்தியர்கள் இணைய மோசடியில் இழந்ததாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்ன தொகை 22,845 கோடி ரூபாய். முந்தைய ஆண்டு 7,465 கோடி. சார்ஜரும் குவாண்டமும் தின்றது அல்ல இது. பகுதி நேர வேலை, பங்குச் சந்தை குரூப், அப்புறம் வீடியோ காலில் போலீஸ் உடுப்போடு வந்து 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டுகிறவர்கள் என்று ஆளைப் பேசியே கவிழ்க்கிற வழிகளில்தான் பெருந்தொகைகள் போயிருக்கின்றன. டிஜிட்டல் கைது என்று இந்தியச் சட்டத்தில் ஒன்றும் கிடையாது, எந்தப் போலீசும் போனில் கைது செய்து பணம் கேட்காது. நம்பர் போட்டால் போதும், மணி அடிக்கும் முன் குறுக்கே வந்து எல்லோரையும் எரிச்சலூட்டியதே ஒரு எச்சரிக்கைக் குரல், அதை நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் தலைப்புச் செய்திகள் அத்தனையையும்விட அதுதான் உருப்படியான சங்கதி சொன்னது.

பணம் போய்விட்டது தெரிந்தால், மானம் போகுமே என்று ராத்திரி முழுக்க யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குப் போன் போடுங்கள். எந்தக் கணக்கிலிருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று கேட்பார்கள், யுபிஐ என்றால் பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணையும் கேட்பார்கள், அது உங்கள் செயலியின் ஹிஸ்டரியில் இருக்கும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் புகார் போனால்தான் நிறுத்தி வைக்க வாய்ப்பு. வங்கிக் கிளை காலையில் திறக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.