கதவைச் சாத்திய பிறகு மனதுக்குள் நடப்பது

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. தேர்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது என்னால் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. காய்ச்சல் இல்லை, அடிபடவில்லை. எதிர்ச் சுவரில் பெயின்ட் உரிந்திருந்த ஓர் இடத்தையே பார்த்தபடி கிடந்தேன். யாராவது கதவைத் தட்டினால் மூச்சை அடக்கிக்கொள்வேன். நெஞ்சு படபடவென்று அடிக்கும். தட்டியவர் போய்விட்டார் என்று காலடிச் சத்தத்தை வைத்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் மூச்சு வரும். அப்புறம் மருத்துவர், மாத்திரை, வாராவாரம் கவுன்சிலிங், ஒரு பருவம் முழுக்க விடுப்பு.

திரும்பி வந்தபோது அதே அறைதான் கிடைத்தது. அதே கட்டில், அதே உரிந்த சுவர். ஒரு மாலை வகுப்பு முடிந்து வந்து, கதவைச் சாத்தி, ஷூவைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். பத்து நிமிடம் அப்படியே இருந்திருப்பேன். பயமாக இல்லை. சொல்லப்போனால், நன்றாக இருந்தது.

இரண்டு தடவையும் நான் தனியாகத்தான் இருந்தேன். முதல் தடவை அது என்னைத் தின்றது, இரண்டாவது தடவை தாங்கியது. எது மாறியது என்ற கேள்வி எனக்குள் பல வருடம் இருந்தது. மனநல ஆய்வுகளைப் படிக்கத் தொடங்கியபோது, இதையே கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நிறையப் பேர் என்று தெரிந்தது.

கல்லூரி வயதில் மனம் உடைவது அபூர்வமான விஷயமே இல்லை. வாழ்நாளில் வரும் மனநலக் கோளாறுகளில் பாதி 14 வயதுக்குள்ளும், நான்கில் மூன்று பங்கு 24 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன என்று அமெரிக்காவில் 2005இல் வெளியான பெரிய கணக்கெடுப்பு ஒன்று காட்டியது. 2018இல் வெளியான ஓர் ஆய்வுக்காக எட்டு நாடுகளின் 19 பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 14,000 முதலாண்டு மாணவர்களிடம் கேட்டுப் பார்த்தபோது, மூன்றில் ஒருவருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் இப்படி ஒரு பாதிப்பு இருந்திருக்கிறது. வகுப்பில் ஒரு பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தால், அதில் ஒருவர்.

சரி, தனிமைக்கு வருவோம். தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு: தனிமை, ஏகாந்தம். முதலாவது வலிக்கவும் செய்யும். இரண்டாவதை யாரும் குறையாகச் சொல்லிக் கேட்டதில்லை. நம் உடம்பும் இந்த இரண்டையும் வேறு வேறாகத்தான் பார்க்கிறது.

வலிக்கும் வகையை முதலில் பார்க்கலாம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் தனிமையை ஆராய்ந்த உளவியலாளர் ஜான் கசியோப்போ, அதைப் பசி, தாகத்தோடு சேர்த்துப் பேசினார். உடம்புக்கு உணவு தேவை என்று பசி சொல்வதுபோல, மனிதர்கள் தேவை என்று தனிமை உணர்வு சொல்கிறது. இது வெறும் உவமை இல்லை என்று 2020இல் ஒரு சோதனை காட்டியது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் லிவியா டொமோவாவும் அவருடைய குழுவினரும் 40 பேரை ஒரு நாள் 10 மணி நேரம் யாருடைய தொடர்பும் இல்லாமல் அறையில் இருக்க வைத்தார்கள். இன்னொரு நாள் 10 மணி நேரம் பட்டினி. பிறகு மூளையை ஸ்கேன் செய்தார்கள். பட்டினி கிடந்தவருக்கு உணவின் படத்தைப் பார்த்ததும் நடுமூளையில் எந்தப் பகுதி துடித்ததோ, தனித்து விடப்பட்டவருக்கு மனிதர்கள் கூடிச் சிரிக்கும் படத்தைப் பார்த்ததும் அதே பகுதி துடித்தது.

அப்படியானால் தனியாக இருப்பது எப்போது ஓய்வாகிறது? 2018இல் தூய்-வி நுயென் என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் கல்லூரி மாணவர்களை 15 நிமிடம் தனியே உட்காரச் சொல்லி, முன்னும் பின்னும் மனநிலையை அளந்தார்கள். துள்ளலான மகிழ்ச்சி, பரபரப்பு, கோபம், பதற்றம் என்று உயர்ந்த வேகத்தில் ஓடும் உணர்ச்சிகள் எல்லாமே ஒரேயடியாகக் குறைந்தன. நல்லது, கெட்டது என்று தனிமை தரம் பிரிப்பதில்லை. அடுப்பின் தீயைக் குறைத்தால் பாத்திரத்தில் எது இருந்தாலும் கொதி அடங்குமே, அதைப்போல.

நெருக்கடியில் இருந்து மீண்டுவரும் ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது அனுபவித்தவருக்குத்தான் புரியும். அந்த நாட்களில் உடம்பு எந்நேரமும் ஓடத் தயாராக நிற்கிறது. இதயம் வேகமாக அடிக்கும், தோள்பட்டை இறுகும், ஒரு சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடும். அந்த வேகத்தைக் கீழே கொண்டுவர ஆள் அரவம் இல்லாத பதினைந்து நிமிடம் உதவுகிறது. மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுவது இதோடு சேர்ந்தால் இன்னும் நல்லது. மூச்சு வெளியேறும் அந்தச் சில நொடிகளில் மூளையில் இருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் பிடி இதயத்தின் மேல் கூடுகிறது, துடிப்பு சற்றே தளர்கிறது. கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தால் சிலருக்கு அது தெரியக்கூடச் செய்யும்.

இன்னொன்று, நம்மைப் பார்க்கும் பிறர் கண்கள். 1993இல் ஜெர்மனியின் டிரையர் நகரத்து ஆய்வாளர்கள் மன அழுத்தத்தை ஆய்வகத்திலேயே உண்டாக்க ஒரு சோதனையை வடிவமைத்தார்கள். முகத்தில் எந்தச் சலனமும் காட்டாத நடுவர்களுக்கு முன்னால் ஐந்து நிமிடம் பேச வேண்டும். அடுத்த ஐந்து நிமிடம் மனக்கணக்கு போட வேண்டும். அவ்வளவுதான். கார்ட்டிசால் என்னும் அழுத்த ஹார்மோன் கிடுகிடுவென ஏறிவிடுகிறது. இதுபோன்ற 208 சோதனைகளை 2004இல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, கார்ட்டிசாலை அதிகம் ஏற்றியது இரண்டு விஷயங்களின் கூட்டுதான்: பிறர் நம்மை மதிப்பிடுகிறார்கள் என்ற உணர்வு, நிலைமை நம் கையில் இல்லை என்ற உணர்வு.

பல்கலைக்கழக வாழ்க்கையே அந்தச் சோதனைக் கூடம் மாதிரிதான். விளக்கவுரை, வாய்மொழித் தேர்வு, மதிப்பெண் பட்டியல், யார் எந்த வேலைக்குத் தேர்வானார் என்ற பேச்சு. ஒரு நெருக்கடிக்குப் பிறகு திரும்பி வருபவருக்கு இது இரட்டிப்பு. அன்பாக விசாரிப்பவர்கள் முன்னாலும் முகத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டியிருக்கிறது. “இப்ப பரவாயில்லையா?” என்று ஒருவர் கேட்டால், அவர் கவலைப்படாத அளவுக்குச் சிரிக்க வேண்டும், ரொம்பச் சிரித்தால் அதுவும் தப்பாகத் தெரியும். கதவைச் சாத்தியதும் இந்த வேலை நின்றுவிடுகிறது. முகம் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். கையில் போன் இருந்தால் மட்டும் அந்தக் கண்கள் எல்லாம் அறைக்குள் வந்துவிடும். அதனால்தான் நான் போனைப் பைக்குள்ளேயே விட்டுவிடப் பழகினேன்.

இதுவரை சொன்னது நல்ல பக்கம். இனி, என்னை அந்தக் கட்டிலில் கிடத்திய பக்கம்.

மூளை நம் எடையில் சுமார் 2 சதவீதம். ஆனால் உடம்பின் ஆற்றலில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. நாம் சும்மா இருக்கும்போதும் இந்தச் செலவு பெரிதாகக் குறைவதில்லை. 2001இல் மார்கஸ் ரெய்கல் என்ற நரம்பியலாளரின் குழு இதற்கு ஒரு விளக்கம் தந்தது. வெளிவேலை எதுவும் இல்லாதபோது மூளையின் சில பகுதிகள் ஒன்றுசேர்ந்து சுறுசுறுப்பாகின்றன. ‘டிஃபால்ட் மோட் நெட்வொர்க்’ என்று இன்று அதை அழைக்கிறார்கள். நேற்று நடந்தது, நாளை நடக்கப்போவது, அவர் என்ன நினைத்திருப்பார், நான் எப்படிப்பட்டவன் என்று ‘நான்’ சம்பந்தப்பட்ட கதைகள் உருவாகும் இடம் அது.

மனம் நன்றாக இருக்கும்போது இந்தக் கதைகள் சுகமானவை. புண்பட்ட மனதில் அதே இயந்திரம் ஒரே கதையைத் திரும்பத் திரும்ப ஓட்டும். அன்று ஏன் அப்படிப் பேசினேன், ஏன் என்னால் மட்டும் முடியவில்லை, இனி என்ன ஆகும்... உளவியலில் இதை அசைபோடுதல் என்கிறார்கள். தமிழில் நினைவுகளை அசைபோடுவது இனிமையான காரியம். மாடு நிழலில் படுத்து மெல்லுமே, அப்படி ஒரு நிம்மதி அந்தச் சொல்லில் உண்டு. இங்கே நடப்பது நேர்மாறு. மென்றுகொண்டே இருக்கிறோம், எதுவும் செரிப்பதில்லை.

இது எவ்வளவு தீங்கானது என்பதை எதிர்பாராமல் ஒரு நிலநடுக்கம் காட்டிக்கொடுத்தது. சூசன் நோலன்-ஹோக்செமா என்ற உளவியலாளர் அப்போது கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்தார். மனம் சோர்ந்தால் என்ன செய்வீர்கள், அதையே யோசித்துக்கொண்டிருப்பீர்களா, வேறு எதிலாவது ஈடுபடுவீர்களா என்று மாணவர்களிடம் ஒரு கேள்வித்தாளை நிரப்பி வாங்கியிருந்தார். 14 நாள் கழித்து, 1989 அக்டோபர் 17 அன்று, அந்தப் பகுதியை லோமா பிரியேட்டா நிலநடுக்கம் உலுக்கியது. இப்படி ஒரு வாய்ப்பு ஆய்வாளருக்கு அமைவதே கிடையாது: பேரிடருக்கு முன்பே எடுத்து வைத்த மனநிலைக் குறிப்பு கையில் இருந்தது. நிலநடுக்கம் நடந்த 10ஆம் நாளும், 7 வாரம் கழித்தும் அதே 137 மாணவர்களைத் திரும்ப விசாரித்தார்கள். ஏற்கெனவே அசைபோடும் பழக்கம் இருந்தவர்களுக்கு மனச்சோர்வு அதிகமாக இருந்தது. 7 வாரத்துக்குப் பிறகும் விலகாமல் இருந்தது. ஏற்கெனவே சோர்ந்திருந்தவர்கள் என்பதைக் கணக்கில் கழித்த பின்னும் இதே முடிவுதான் வந்தது.

எனக்கு இதைப் படித்தபோது பெரிய ஆறுதல் கிடைத்தது. நான் பலவீனமானவன் என்று அதுவரை நினைத்திருந்தேன். மனம் ஒரு காரியத்தைத் தப்பான முறையில் செய்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். முறை என்றால் மாற்றிக்கொள்ளலாமே.

மாற்றுவதற்கு எளிய வழி, கைக்கு வேலை கொடுப்பது. கவனம் வெளியே ஒரு செயலில் பதியும்போது அந்த டிஃபால்ட் மோட் நெட்வொர்க்கின் வேகம் குறைகிறது. நான் துணி மடிப்பேன். சட்டையைக் குப்புறப் போட்டு, ஒரு கையை உள்பக்கம் மடக்கி, மணிக்கட்டுப் பட்டி தோளுக்கு நேராக வருகிறதா என்று பார்த்து, மறுகையையும் மடக்கி, கீழ்ப்பாதியைத் தூக்கிக் காலரோடு சேர்ப்பது. காலர் ஒரு பக்கம் சுருங்கியிருந்தால் கட்டைவிரலால் நீவிவிடுவது. ஆறு சட்டை மடிப்பதற்குள் மனம் எங்கோ இறங்கி உட்கார்ந்துவிடும். நடையும் நல்ல வழி. 2015இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் சிலரை மரங்கள் சூழ்ந்த பாதையிலும், வேறு சிலரை வாகன நெரிசலான சாலையோரமும் 90 நிமிடம் தனியாக நடக்கவிட்டார்கள். மரங்களுக்கிடையே நடந்தவர்களுக்கு அசைபோடுதல் குறைந்திருந்தது. அதோடு தொடர்புடைய மூளைப் பகுதியின் செயல்பாடும் தணிந்திருந்தது. ஈதன் கிராஸ் என்ற உளவியலாளர் கண்டது இன்னும் எளிது: தனக்குள் பேசும்போது ‘நான்’ என்பதை விட்டுத் தன் பெயரைச் சொல்லிப் பேசினால் பதற்றம் குறைகிறது. நண்பனுக்குச் சொல்லும் நிதானம் அப்போது தானாக வந்துவிடுகிறது.

எந்தக் கைவேலையும் இல்லாத வெறும் தனிமை எல்லோருக்கும் உடனே ஒத்துவராது. 2014இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஆட்களை 15 நிமிடம் வெறும் அறையில் தங்கள் எண்ணங்களோடு விட்டார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் லேசான மின் அதிர்ச்சி கிடைக்கும். காசு கொடுத்தாவது அதைத் தவிர்ப்போம் என்று முன்பே சொன்னவர்கள் அவர்கள். ஆனாலும் 18 ஆண்களில் 12 பேரும், 24 பெண்களில் 6 பேரும் சும்மா இருக்க முடியாமல் பொத்தானை அழுத்தினார்கள். ஆகவே முதல் நாளே ஒரு மணி நேரம் அமைதியாக உட்கார முடியவில்லை என்று யாரும் வருந்த வேண்டாம். ஐந்து நிமிடம் போதும்.

நான் தேடிய பதிலின் மையம், என் கணிப்பில், வேறு இடத்தில் இருக்கிறது: தனிமையைத் தேர்ந்தெடுத்தோமா, அதற்குள் தள்ளப்பட்டோமா என்பதில். 178 பேரை 21 நாள் தொடர்ந்து கவனித்து 2023இல் வெளியான ஆய்வில், அதிக நேரம் தனியாக இருந்த நாட்களில் மன அழுத்தம் குறைந்திருந்தது, ஆனால் தனிமை உணர்வு கூடியிருந்தது. அவர்களாகவே விரும்பித் தனித்திருந்தபோது அந்தக் கெடுதல் பெருமளவு மட்டுப்பட்டது.

கதவைத் தட்டும்போது மூச்சை அடக்கிக் கிடந்தேனே, அது நானாகத் தேர்ந்தெடுத்த தனிமை இல்லை. ஒளிதல். ஒளியும்போது உடனே ஓர் ஆசுவாசம் கிடைக்கிறது. ‘கதவைத் திறக்காததால்தான் தப்பித்தாய்’ என்று மூளை அதைப் பாடமாக எடுத்துக்கொள்கிறது. அடுத்த தடவை பயம் இன்னும் கூடுகிறது. இப்படி ஒவ்வொரு ஆசுவாசமும் கதவை இன்னும் கனமாக்கும்.

அந்த வளையத்தை நான் தனியாக உடைக்கவில்லை. டானல்ட் வினிகாட் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் 1958இல் ஒரு கட்டுரையில், தனியாக இருக்கும் திறமை எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். அம்மா அறையில் இருக்கிறாள், தன் வேலையைப் பார்க்கிறாள். குழந்தை தரையில் தன்பாட்டுக்கு விளையாடுகிறது. இன்னொருவர் அருகில் இருக்கும்போதே தனியாக இருந்து பழகிய குழந்தைதான், பின்னாளில் யாரும் இல்லாதபோதும் நிம்மதியாக இருக்கும் என்றார். விடுப்பு முடிந்து வந்த முதல் மாதம் பக்கத்து அறை நண்பன் தினமும் இரவு என் அறைக்கு வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவன் பாடத்தைப் படிப்பான். ஒரு வார்த்தை பேசமாட்டான். பதினொரு மணிக்கு எழுந்து போய்விடுவான். அவனுக்கு வினிகாட்டைத் தெரியாது.

ஒன்றை மட்டும் உரக்கச் சொல்ல வேண்டும். செத்துவிடலாம் என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்தால், அது தனியாக இருக்கும் நேரம் இல்லை. அந்த நிமிடமே யாரையாவது எழுப்புங்கள், கூப்பிடுங்கள், மருத்துவரிடம் போங்கள். நாட்கணக்கில் தூக்கம் இல்லாதபோதும் அப்படித்தான். நான் சொல்லும் ஏகாந்தம் சிகிச்சைக்கு மாற்று கிடையாது. சிகிச்சை கால் ஊன்றிய பிறகு கூடவே வளர்வது.

ஷூவைக் கழற்றி உட்கார்ந்த அந்த மாலையிலும் கதவு தட்டப்பட்டது. நெஞ்சு ஒரு முறை துள்ளியது, பிறகு அடங்கிவிட்டது.

“தூங்கிட்டியாடா?”

“இல்லடா. சும்மா உட்கார்ந்திருக்கேன். தாழ்ப்பாள் போடல, உள்ள வா.”